ஆணியில் தொங்கிய மூடி

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் எங்கள் பட்டறையில் எந்த மிஷினும் ஓடாது. பேண்ட்சா, டிரில்லிங் மிஷின், சாணை எல்லாவற்றையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, விபூதிப் பட்டை இழுத்து, சந்தனம் குங்குமம் வைப்போம். பிளேனருக்கு மட்டும் கூடுதலாக ஒரு வேலை உண்டு. சுவரில் ஆணியில் தொங்கும் அதன் மூடியை இறக்கி, தூசு தட்டி, மிஷினில் மாட்டி, மூடிக்கும் ஒரு பொட்டு வைப்போம். பூசணிக்காய் உடைத்து, பொரிகடலை பங்கிட்டு முடித்த மறுநாள் மூடி திரும்ப ஆணிக்குப் போய்விடும். வருஷம் முழுக்க அதை யாரும் தொடுவதில்லை என்பதால் போன பூஜையின் குங்குமம் அப்படியே ஒட்டியிருக்கும். அதன்மேலேயே புதுசை வைப்போம். பட்டறையை நான் 2005-ல் தொடங்கினேன். 2012 அக்டோபரில் அந்த மூடியில் எட்டுப் பூஜைக் குங்குமம் ஏடு ஏடாகப் படிந்திருந்தது.

அடுத்த மாதம் அந்த மிஷினில் ஒரு பையனின் இரண்டு விரல் நுனிகள் போயின.

பிளேனரை விலைப்பட்டியலில் ஜாயிண்டர் என்று போடுவார்கள். வடக்கிலிருந்து வந்த பையன்கள் ரந்தா என்பார்கள். இடுப்புயரத்தில் நீளவாக்கில் இரண்டு இரும்பு மேசைகள், நடுவே ஒரு பிளவு. அந்தப் பிளவுக்குள் மூன்று பிளேடு பதித்த உருளை சுற்றும். எங்கள் மிஷினில் நிமிஷத்துக்கு 4,500 சுற்று. மூன்று பிளேடுக்கும் கணக்குப் போட்டால் ஒரு செகண்டுக்கு 225 வெட்டு. பின்மேசை பிளேடின் உச்சிக்குச் சரிசமமாக இருக்கும். முன்மேசையை ஒரு மில்லிமீட்டர் தாழ்த்தி வைத்துப் பலகையைத் தள்ளினால், அந்த ஒரு மில்லிமீட்டரைச் சீவிவிட்டுப் பலகை அந்தப் பக்கம் போய்ச் சேரும். கோணலாக வந்த மரத்துக்கு முதல் நேர்முகம் இங்கேதான் கிடைக்கிறது. மற்ற அளவெல்லாம் அந்த முகத்தை வைத்துத்தான்.

இழைப்புளி தள்ளிப் பழகியவனுக்கு இந்த மிஷினில் எல்லாம் தலைகீழ். இழைப்புளியில் மரம் அசையாது, கத்தி நகரும், கை கத்திக்குப் பின்னால் பத்திரமாக இருக்கும். பிளேனரில் கத்தி இருந்த இடத்திலேயே இருக்கும், மரம் நகரும், மரத்தோடு சேர்ந்து கையும் கத்தியைப் பார்த்துப் போகும். போதாததற்கு, ஓடும்போது உருளை சுற்றுவதே தெரியாது. எவர்சில்வர் தடி ஒன்று சும்மா கிடப்பதுபோலப் பளபளவென்று நிற்கும்.

எனக்குச் சொந்த ஊர் தேன்கனிக்கோட்டைப் பக்கம். அப்பா ஏரும் நுகத்தடியும் வண்டிச் சக்கரமும் செய்த ஆசாரி. ராகி விளைந்த காடுகளில் டிராக்டர் இறங்கியதும் அவர் கையில் வேலை குறைந்தது. அதற்குள் ஓசூர் வேறு ஊராகிவிட்டிருந்தது. 1970-களில் சிப்காட் வந்தது, 1980-ல் அசோக் லேலண்ட், டிவிஎஸ் மொபெட், பிறகு டைட்டன் கைக்கடிகாரம். பெரிய கம்பெனிகளைச் சுற்றி அவற்றுக்கு உதிரிப் பாகம் செய்யும் சின்னக் கம்பெனிகள், அவற்றுக்கு வார்ப்படம் ஊற்றும் பவுண்டரிகள், பவுண்டரிகளுக்கு மரத்தில் மாதிரி செய்து கொடுக்கும் பேட்டர்ன் பட்டறைகள். அப்படி ஒன்றில் 1988-ல் சேர்ந்தேன். அப்போது ஓசூர் தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல்.

பேட்டர்ன் வேலையை அப்பாவிடம் விளக்க எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. இரும்பில் வர வேண்டிய பாகத்தை முதலில் மரத்தில் செய்கிறோம். அதை மணலில் அழுத்தி எடுத்தால் அச்சு விழும், அந்தப் பள்ளத்தில் உருக்கை ஊற்றுவார்கள். ஆறும்போது உலோகம் சுருங்கும். வார்ப்பிரும்பு மீட்டருக்குச் சுமார் 10 மில்லிமீட்டர், அலுமினியம் 13 வரை. அதனால் எங்கள் அளவுகோல் ஊரார் அளவுகோலைவிட நீளம்! வார்ப்பிரும்புக் கோலில் ஒரு மீட்டர் என்று குறித்திருந்தால் உண்மையில் அது ஒரு மீட்டரும் ஒரு சென்டிமீட்டரும். மணலிலிருந்து உரசாமல் கழன்று வர ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு டிகிரி இரண்டு டிகிரி சரித்துச் சீவ வேண்டும். இத்தனைக்கும் அடித்தளம் அந்த முதல் முகம். அது பிசகினால் மேலே ஏற ஏற எல்லாம் பிசகும். பிளேனர் இல்லாமல் பேட்டர்ன் பட்டறை இல்லை.

எங்கள் மேஸ்திரி பாகலூர்க்காரர், வீட்டில் தெலுங்கு. என்னை நைனா என்பார். முதல் ஒரு வருஷம் பிளேனரைத் தொடவே விடவில்லை. இழைப்புளியைக் கொடுத்து, "மரத்தப் படிக்கக் கத்துக்க, அப்புறம் மிஷினு" என்றார். மரத்தைப் படிப்பது என்றால் பலகையின் மேல்முகத்தைப் பார்ப்பது இல்லை, பக்கவாட்டைப் பார்ப்பது. அங்கே ரேகை எந்தப் பக்கம் சாய்ந்து ஓடுகிறது என்று தெரியும். மாட்டு முதுகை மயிர் படியும் பக்கம் தடவினால் வழவழப்பு, எதிர்ப்பக்கம் தடவினால் குத்தும். பிளேடும் அப்படித்தான். ரேகைக்கு எதிராகப் போட்டால் நாரைத் தூக்கிப் பிய்க்கும், கணு வந்தால் பலகையையே உன்மேல் திருப்பி எறியும். ரேகை தெரியாதவன் பிளேனருக்கு முன்னால் நிற்பது கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்பது மாதிரி என்பார்.

ஒரு வருஷம் கழித்து ஒரு காலையில் கூப்பிட்டார். மின்சாரப் பெட்டியில் பியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஒரு அடி நீளத்தில் நேரான தேக்குச் சட்டம் ஒன்றைப் பின்மேசையில் படுக்கவைத்து, நுனியை உருளைக்கு மேல் நீட்டி, பென்சிலால் மேசை விளிம்பு படும் இடத்தில் கோடு போட்டார். உருளையைக் கையால் மெதுவாகச் சுற்றினார். பிளேடு சட்டத்தை லேசாகத் தொட்டு, கொஞ்சம் முன்னே இழுத்துவிட்டு விட்டது. மறுபடி கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர். "இது சரி. இழுக்கலன்னா பிளேடு தாழ, பலகை பின்மேசையில போயி முட்டும். ரொம்ப இழுத்தா பிளேடு ஒசர, வால்ல பள்ளம் விழும்." மூன்று பிளேடுக்கும் இரண்டு ஓரத்திலும் இதையே செய்தார். ஆறு முறை. நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். என்னையும் ஆறு முறை செய்ய வைத்தார்.

பிறகுதான் பியூஸைப் போட்டார். மணிக்கட்டில் சந்திரசூடேஸ்வரர் கோயிலில் கட்டிய கயிறு இருந்தது, அவிழ்க்கச் சொன்னார். துண்டு கூடாது, கையுறை கூடாது, முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேல் மடி. பலகையின் குழிந்த பக்கம் கீழே இருக்கட்டும், அப்போதுதான் இரண்டு நுனியிலும் உட்கார்ந்து ஆடாமல் போகும். பலகைக்கு நேர் பின்னால் நிற்காதே, பக்கத்தில் நில். இடது கை முதலில் முன்மேசையில் அழுத்தும். பலகை ஒரு சாண் அந்தப் பக்கம் போனதும் இடது கையை எடுத்து, பிளவைத் தாண்டி, பின்மேசைக்கு மேல் கொண்டுபோய் வை. கை பலகைமேல் ஊர்ந்து போகக்கூடாது, தூக்கி வைக்க வேண்டும். தண்ணீரில் கொக்கு கால் எடுத்து வைப்பதுபோலச் செய்து காட்டினார். பலகையின் வாலைத் தள்ளுகட்டையால் தள்ளு. ஒரு அடிக்குக் குறைந்த கட்டை வந்தால் இந்தப் பக்கமே கொண்டு வராதே, அதற்கு இழைப்புளி இருக்கிறது.

காதையும் பழக்கினார். நல்ல பிளேடு மரத்தில் இறங்கும்போது ஒரே சீரான இரைச்சல். மழுங்கியிருந்தால் அது கரகரப்பாகும், பலகையைத் தள்ள பலம் வேண்டும். "கூரு போனா நிறுத்திடு" என்பார். மழுங்கின கத்திதான் கையை வெட்டும் என்றபோது எனக்குப் புரியவில்லை. ஒருநாள் நானே முரட்டுத்தனமாகத் தள்ளும்போது பலகை சட்டென்று விட்டுக்கொடுத்து, என் உடம்புப் பாரம் முழுக்க முன்னால் சாய்ந்தது. அன்று புரிந்தது.

அந்தப் பட்டறையில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது எல்லாம் ஓடும். ஜூஜூவாடி சோதனைச்சாவடி தாண்டினால் அத்திப்பள்ளி, ஆனேக்கல். அங்கிருந்து சைக்கிளில் வேலைக்கு வருபவர்கள் உண்டு. ஒருமுறை அரூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த பையன் ஒருவன் பலகையைத் தள்ளிக்கொண்டிருந்தான். கை பிளவை நெருங்குவதைப் பார்த்து மேஸ்திரி "சூடு! சூடு!" என்று கத்தினார். தெலுங்கில் பார், பார் என்று பொருள். பையன் காதில் அது தமிழ்ச் சூடாக விழுந்தது. பதறிப்போய்ப் பலகையை விட்டுவிட்டான். அது திரும்பி எகிறி, அவன் இடுப்பை உரசிக்கொண்டு பின்சுவரில் போய் மோதியது. அவன் பக்கத்தில் நின்றதால் பிழைத்தான். அன்று மத்தியானம் மேஸ்திரி எல்லோரையும் கூப்பிட்டு ஒரு சொல்லை முடிவு செய்தார். "கை." தமிழிலும் அதுதான், கன்னடத்திலும் அதுதான். தெலுங்குக்காரர்கள் செய்யி என்பதை விட்டுவிட்டு இதையே சொல்ல வேண்டும். தன் தாய்மொழியின் சொல்லை அவரே முதலில் விட்டார்.

இவ்வளவும் சொல்லிக் கொடுத்தவர்தான் மூடியைக் கழற்றி ஆணியில் மாட்டியவரும்.

இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் அவர் ஏன் கழற்றினார் என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. அவர் இளவயதில் பெங்களூரில் வேலை பழகிய மிஷினில் உருளை சதுரமாக இருந்ததாம். நாலு பட்டை உள்ள இரும்புக் கட்டை, இரண்டு பக்கம் பிளேடு. சதுரம் சுற்றும்போது அதன் தட்டையான பக்கத்துக்கும் மேசை விளிம்புக்கும் நடுவே பெரிய வாய் திறக்கும். விரல் சிக்கினால் கையையே உள்ளே இழுத்துவிடும். அவருடைய குருவுக்கு வலது கையில் கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம் என்பார். பிரிட்டனில் 1922-ல் மரவேலை மிஷின்களுக்கு விதி போட்டபோதே, கையால் தள்ளும் பிளேனரில் வட்ட உருளைதான் இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். நம் தொழிற்சாலைச் சட்டம் 1948-ல் வந்த பிறகு மாநிலங்கள் வகுத்த விதிகளிலும் ஏறக்குறைய அதே வாசகம் இருந்தது. அடுத்த வாசகம், பிளவின் நீளத்தையும் அகலத்தையும் முழுக்க மறைக்கும், மேலும் கீழும் பக்கவாட்டிலும் சுலபமாக நகர்த்தக்கூடிய பாலம் போன்ற ஒரு மூடி இருக்க வேண்டும் என்பது. சதுர உருளையைப் பார்த்துப் பயந்து வளர்ந்தவருக்கு வட்ட உருளையே பெரிய பாதுகாப்பாகத் தெரிந்தது. முதல் வாசகத்தோடு அவர் பயம் தீர்ந்துவிட்டது.

மூடி தொந்தரவு என்பதும் உண்மைதான். பலகையைப் படுக்க வைத்துச் சீவும்போது மூடி மேலே ஏற வேண்டும், மரம் அதன் அடியில் போகும். நிமிர்த்தி விளிம்பைச் சீவும்போது மூடி கீழே இறங்கிப் பக்கவாட்டில் நகர வேண்டும், மரம் மேசையோரம் நிற்கும் கைடு என்ற தடுப்புக்கும் மூடிக்கும் நடுவே போகும். உருப்படிக்கு உருப்படி திருகைத் தளர்த்தி இறுக்க வேண்டும். பேட்டர்ன் வேலையில் ஒன்றுபோல் இன்னொரு உருப்படி வராது. மேஸ்திரிக்கு அது கைக்குக் குறுக்கே நிற்கும் ஒரு தகரம்.

அவர் முப்பத்தைந்து வருஷம் மூடியில்லாமல் ஓட்டினார். பத்து விரலோடு ஓய்வு பெற்றார். எங்களைக் கெடுத்தது அந்தப் பத்து விரல்தான். மூடி இல்லாமலும் முடியும் என்பதற்கு எங்களுக்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியிருக்கவில்லை. அவர் மூடியோடு சேர்த்து வேறு எதையும் கழற்றவில்லை என்பதை நாங்கள் கவனிக்கவில்லை. சட்டைப் பையில் பியூஸ், ஆறு முறை கோடு, ஒரு அடிக் கணக்கு, கொக்கு நடை எல்லாம் அவரிடம் கடைசி நாள்வரை இருந்தன. எங்களுக்கு வந்து சேர்ந்தது அவருடைய தைரியம் மட்டும்.

பவுண்டரிகள் பேட்டர்னை சிஎன்சியில் அலுமினியத்திலும் ரெசினிலும் கடையத் தொடங்கியதும் நான் வேலை பழகிய அந்தப் பட்டறை மூடப்பட்டது. பிளேனரை நான் பழைய இரும்பு விலைக்கு வாங்கினேன். மூடியும் கூடவே வந்தது. வந்த அன்றைக்கே அதற்கு ஒரு ஆணி அடித்தேன். ஆறு பேர் வேலை. கொஞ்சம் பேட்டர்ன், மீதி ஏற்றுமதிக்கான மரப்பெட்டி. வெளிநாட்டிலிருந்து மிஷின் வந்த பெட்டிகளின் பைன் பலகைகளைக் கம்பெனிகளிலிருந்து எடைக்கு வாங்கிப் பிரித்துச் சீவி உள்ளூர் வேலைக்குப் பயன்படுத்துவோம். அந்தப் பலகைகளில் எச்.டி. என்று முத்திரை இருக்கும். மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிஷம் வெந்தது, பூச்சி இல்லை என்று அர்த்தம். பூச்சி இல்லாவிட்டாலும் ஆணி இருக்கும். தலை உடைந்து உள்ளே ஒளிந்திருக்கும் ஆணி பிளேடில் பட்டால் இரும்புத் துணுக்கு முகத்துக்கு வரும். அதனால் ஒவ்வொரு பலகைமேலும் காந்தம் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் மேசையில் வைப்போம். பலகைக்கு அத்தனை பார்த்தேன்.

மிஷினுக்கு நான் வைத்திருந்தது திருகு ஸ்விட்ச். ஒரு பக்கம் திருப்பினால் ஓடும், மறுபக்கம் திருப்பினால் நிற்கும். கரண்ட் போனால் மிஷின் நிற்கும், ஆனால் ஸ்விட்ச் திருப்பிய இடத்திலேயே இருக்கும். கரண்ட் வந்ததும் மிஷின் தானாக ஓடும். டி.ஓ.எல். ஸ்டார்டர் என்றால் அப்படி இல்லை. உள்ளே நோ வோல்ட் காயில் ஒன்று காந்தமாகி இணைப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும். கரண்ட் போன கணத்தில் காந்தம் விட்டுவிடும், இணைப்பு விழுந்துவிடும். மறுபடி ஒரு ஆள் பச்சை பட்டனை அழுத்தினால்தான் ஓடும். அன்றைய விலையில் இரண்டாயிரம் ரூபாய்க்குள். வயரிங் செய்தவர் ரெண்டு தடவை சொன்னார். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிவிட்டேன்.

2012-ல் சென்னைக்கு வெளியே கரண்ட் இருந்த லட்சணம் அந்த வருஷம் தொழில் செய்த எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும், அறிவித்த நேரத்துக்கு வெளியேயும் போகும். வருகிற ஒரு மணி நேரத்தில் ஒரு நாள் வேலையை முடிக்கப் பார்ப்போம். நவம்பரில் ஒரு முற்பகல். தளிப் பக்கத்துப் பையன், வயது 22, கன்னடம் பேசுகிற வீடு, ஒன்றரை வருஷமாக என்னிடம் வேலை. பைன் பலகை சீவிக்கொண்டிருந்தபோது கரண்ட் போயிற்று. பிசின் ஊறிய பைன் சீவல் ஈரப் பஞ்சுபோலப் பிளவின் வாயில் அடைத்திருந்தது. உருளை சுற்றி ஓய்ந்து நின்றது. அவன் கண்ணால் பார்த்து, நின்றுவிட்டது என்று உறுதி செய்துகொண்டுதான் இடது கையை விட்டுச் சீவலைத் தோண்டினான். ஸ்விட்ச் திருப்பிய இடத்திலேயே இருந்தது. மேலே மின்விசிறி மெதுவாகச் சுற்றத் தொடங்கியதை நான் பார்த்தேன். கரண்ட் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அந்த நினைப்பு வந்த அதே நேரத்தில் அவன் குரல் கேட்டது.

துணியால் இறுக்கிச் சுற்றி, கையை உயரத் தூக்கிப் பிடிக்க வைத்து, பைக்கில் நடுவில் உட்கார வைத்து ஓசூரிலேயே ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கட்டுப் போட்டு பெங்களூருக்கு அனுப்பினார்கள். நாற்பது கிலோமீட்டர். அங்கே டாக்டர் முதலில் கேட்டது, "துண்டு எங்கே?" நான் பட்டறைக்குப் போன் போட்டேன். வேலைக்காரர்கள் இரண்டு பேர் மிஷினுக்கு அடியில் குவிந்திருந்த சீவலை முறத்தில் அள்ளிப் புடைத்துத் தேடினார்கள். அரை மணி நேரம் கழித்து, "ஒண்ணும் இல்லைண்ணா, செவந்த சீவல்தான் இருக்கு" என்றார்கள்.

ரம்பத்தில் விரல் போனால் துண்டு கிடைக்கும். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ்மேல் வைத்துக் கொண்டுபோனால் ஒட்ட வழியிருக்கிறது. துண்டின்மேல் ஐஸ் நேராகப் படக்கூடாது. சென்னை ஸ்டான்லியில் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி கைக்கென்றே தனி அறுவைச் சிகிச்சைப் பிரிவை வளர்த்தெடுத்த மாநிலம் இது. கோவை கங்கா மருத்துவமனையில் மிஷினில் அறுந்த கைகளைத் திரும்பப் பொருத்துகிறார்கள். ஆனால் பிளேனர் விரலை அறுப்பதில்லை, சீவுகிறது. எந்த டாக்டரிடமும் கொண்டுபோய்க் கொடுக்க அது எதையும் மிச்சம் வைப்பதில்லை. இருபத்து நாலு வருஷம் அந்த மிஷினோடு இருந்த எனக்கு இது அன்றைக்குத்தான் உறைத்தது.

நடுவிரலில் ஒரு கணு, மோதிர விரலில் ஒரு கணு. அவன் அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "கை ஹேகிதே?" அந்த முதல் சொல் எனக்கு மொழிபெயர்க்கத் தேவைப்படாத சொல்.

மின்சாரத்தில் ஓடினாலும் பத்துப் பேருக்குக் குறைந்ததால் என் பட்டறை அன்றைய சட்டப்படி தொழிற்சாலை இல்லை. இன்ஸ்பெக்டர் வந்ததில்லை. ஈ.எஸ்.ஐ.க்கும் பத்துப் பேர் வேண்டியிருந்தது. ஆனால் இழப்பீட்டுக்கான 1923-ஆம் வருஷச் சட்டம் எங்களைப் போன்றவர்களையும் கட்டுப்படுத்தும் என்று கணக்கர் சொல்லி, அதன் அட்டவணையைக் காட்டினார். ஒவ்வொரு விரலுக்கும், ஒவ்வொரு கணுவுக்கும் சம்பாதிக்கும் சக்தியில் எத்தனை சதவீதம் போயிற்று என்று எண் போட்டிருந்தது. கட்டைவிரல் முழுசாக 30. ஆள்காட்டி விரல் 14. நடுவிரல் 12, அதில் ஒரு கணு மட்டும் போனால் 7. மோதிர விரலில் ஒரு கணு 5. ஏழும் ஐந்தும் பன்னிரண்டு. மாதச் சம்பளம் 8,000. அதில் அறுபது சதவீதம் 4,800. 22 வயதுக்கான காரணி 221.37. பெருக்கி, அதில் 12 சதவீதம் எடுத்தால் 1,27,509 ரூபாய். கணக்கர் கால்குலேட்டரைத் திருப்பி என் பக்கம் காட்டினார். வைத்தியச் செலவோடு சேர்த்து அந்தப் பணத்தைக் கொடுத்தேன். இரண்டாயிரம் ரூபாய் ஸ்டார்டரை வாங்காதவன் கொடுத்த பணம் அது. கொடுத்ததை நல்ல காரியமாக யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி வந்தார். எழுபதைத் தாண்டிவிட்டது, பேரன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து பாகலூரிலிருந்து வந்திருந்தார். மிஷினைச் சுற்றி வந்தார். சுவரில் ஆணியைப் பார்த்தார். மூடியை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. குங்குமத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

"இத மொதல்ல கழட்டினது நானு, நைனா."

"நீங்க இருந்த வரைக்கும் ஒண்ணும் ஆகல, மேஸ்திரி."

"அதான் தப்பாப்போச்சு" என்றார். இரண்டு கையையும் விரித்து முட்டிமேல் வைத்துப் பார்த்துக்கொண்டார். "ஒரு விரல் போயிருந்தா நீ ஆணி அடிச்சிருக்க மாட்ட."

அன்றே ஸ்பேனர் கேட்டார். மூடியைத் தாங்கும் கம்பியில் துரு பிடித்து, திருகு இறுகியிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கிரீஸ் தடவி, கையால் திருகினாலே நகரும்படி செய்தார். பிறகு என்னைக் கடிகாரம் பார்க்கச் சொல்லிவிட்டு, ஒரு பலகையைப் படுக்கைவாட்டில் சீவி, மூடியை மாற்றி வைத்து, விளிம்பைச் சீவினார். மாற்றி வைக்க ஆன நேரம் பதினெட்டு செகண்டு. முப்பத்தைந்து வருஷம் அவர் மிச்சப்படுத்திய நேரம் அதுதான். "துரு பிடிக்க விட்டா தொந்தரவாத்தான் இருக்கும்" என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டார்.

ஸ்டார்டர் மறுநாள் வந்தது. ஒரு மிஷினுக்கு இல்லை, நாலுக்கும். கரண்ட் போனால் முதலில் மெயினை இறக்க வேண்டும், பிறகுதான் மற்றதெல்லாம். சீவலைத் தள்ள நீளக் காம்பு வைத்த பிரஷ் வாங்கினேன். தள்ளுகட்டைகளை வேப்ப மரத்தில் புதிதாகச் செய்தோம். அடியில் பலகையின் வாலைப் பிடித்துக்கொள்ள ஒரு படி, மேலே இழைப்புளியின் கைப்பிடி போலவே ஒரு பிடி. அப்பா எனக்குச் செய்து கொடுத்த இழைப்புளியின் பிடியைத்தான் அளவெடுத்தேன். தள்ளுகட்டை தேயும், பிளேடில் படும், சிதையும். அதற்காகத்தான் அது இருக்கிறது. ஒரே நேரத்தில் ஆறு செய்து வைத்துக்கொள்வோம்.

பையன் நாலு மாதம் கழித்துத் திரும்பி வந்தான். பேண்ட்சாவுக்கோ கணக்கு வேலைக்கோ மாற்றுகிறேன் என்றேன். "பிளேனர்லயே இருக்கேன், அண்ணா" என்றான். குளிர்காலத்தில் அந்த இரண்டு விரல் நுனியும் மரத்துப்போய் வலிக்கும். ஓசூர்க் குளிர் தெரிந்ததுதான். தள்ளுகட்டைப் பிடி அவன் இடது கையில் சரியாக உட்காரவில்லை. நடுவிரல் படும் இடத்தில் ஒரு பள்ளம் தோண்டிக்கொண்டு, தனக்கென்று ஒன்று வைத்திருக்கிறான். ஒடிசாவிலிருந்து இரண்டு பையன்கள் சேர்ந்தபோது, மின்சாரப் பெட்டியிலிருந்து பியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தேக்குச் சட்டத்தைப் பின்மேசையில் வைத்துக் கோடு போட்டுக் காட்டியது அவன்தான். அவனுக்கு அதை நான் சரியாகக் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. மேஸ்திரியிடம் போய்க் கற்றுக்கொண்டு வந்திருக்கிறான். புதுப் பையன்களுக்கும் முதல் நாளே ஒரு தமிழ்ச் சொல் தெரிந்துவிட்டது. "கை."

2013 அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. மண்ணெண்ணெய்த் துணியோடு பிளேனரிடம் போனேன். மூடி மிஷினிலேயே இருந்தது. மேஸ்திரி போன வருஷம் சுரண்டியது போக மிச்சமிருந்த குங்குமத்தைப் பலகைகளும் கைகளும் உரசி உரசித் தேய்த்திருந்தன. வெறும் இரும்பு, ஓரமெல்லாம் வெளுத்து, பளபளப்பேறி இருந்தது. விரலால் சந்தனம் தொட்டு, அதன்மேல் முதல் பொட்டை வைத்தேன்.